நாற்பத்தொன்பது கிலோ

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆணி என்று பெயர். மல்யுத்த மெத்தையில் காலை அகட்டி ஊன்றி நின்றுவிட்டால், எதிரில் இருப்பவள் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அவளை நகர்த்த முடியாது. அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுவதும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள். ஓர் அச்சகத்தின் மாடியில் இரண்டு அறை வீடு. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தட்டும் டம்ளரும் நடுங்கும். அந்தத் தரையில்தான் அவள் தினமும் தண்டால் எடுத்தாள்.

ஊரின் இன்னொரு கோடியில் இருந்த பள்ளியில் சுருட்டை இருந்தாள். அவள் முடியை எந்தத் தொப்பிக்குள்ளும் அடக்க முடியாது என்பதால் வந்த பெயர். இடது கைப் பிடி. ஓரிடத்தில் நிற்கவே மாட்டாள். சுற்றிச் சுற்றி வந்து, கண் இமைக்கும் நேரத்தில் காலை வாரிவிடுவாள். ஒருத்தி நகர மாட்டாள், ஒருத்தி நிற்க மாட்டாள். இரண்டு பேரும் மோதினால் எப்படி இருக்கும் என்று பள்ளி மல்யுத்த வட்டாரத்தில் எல்லோரும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேரும் நாற்பத்தாறு கிலோ பிரிவு. அரையிறுதியில் சுருட்டைக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இறுதிப் போட்டியில் நடுவர் ஆளில்லாத மெத்தையின் நடுவே ஆணியின் கையைத் தூக்கிக் காட்டினார். கூட்டத்தில் யாரோ, "அந்தப் பொண்ணு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொன்னது மெத்தைவரைக்கும் கேட்டது. பத்தாம் வகுப்பில் சுருட்டை வளர்ந்து நாற்பத்தொன்பதுக்குப் போய்விட்டாள். ஆணி நாற்பத்தாறிலேயே நின்றாள். இருவருக்கும் தங்கம், தனித்தனியாக. அடுத்த வருடம் முழுக்க ஆணி வேகவைத்த முட்டையும் வாழைப்பழமுமாகத் தின்று, உடம்பைத் தேற்றி, நாற்பத்தொன்பதுக்கு வந்து சேர்ந்தபோது சுருட்டை ஐம்பத்து மூன்றில் இருந்தாள். "என்னடி இது, மாடிப்படியில ஓடிப் பிடிச்சு விளையாடுறீங்களா?" என்று ஆணியின் அம்மாவே சிரித்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துப் பயிற்சி முகாம் நடந்தது. அங்கே எடைவாரியாகப் பிரித்துவிட்டதால் இருவரும் ஒரே மெத்தையில் இறங்கவில்லை. கடைசி நாள் தண்ணீர்க் குழாயடியில், முகம் கழுவிக்கொண்டிருந்த ஆணியின் பக்கத்தில் சுருட்டை வந்து நின்றாள்.

"இந்த வருஷம் நீ எதுல?"

"நாப்பத்தொன்பதுதான்."

"மாற மாட்டியே?"

"நான் எங்க போகப் போறேன்? அங்கதான் இருப்பேன்."

"அப்ப நான் இறங்கி வரேன். இது கடைசி வருஷம். ஒரு தடவையாவது பாத்துடலாம்." சுருட்டை சிரித்துவிட்டு, தன் அண்ணன் வேலை பார்த்த மரக்கடையின் ஃபோன் எண்ணை ஆணியின் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். "ஏதாவது மாறினா சொல்லு."

ஆணி அதை வீட்டுக்குப் போனதும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஏழு வாரம் கழித்து, போட்டிக்குப் பெயர் கொடுக்கும் சமயத்தில், அவளுடைய மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கணக்குப் போடுகிறவர், அவ்வளவுதான்.

"சுருட்டை நாப்பத்தொன்பதுக்கு இறங்குறாளாம். அப்ப அம்பத்து மூணு காலி. நீ மேல போயிடு. கண்ண மூடிக்கிட்டு தங்கம் வாங்கலாம். தங்கம் இருந்தா காலேஜ் சீட் நிச்சயம். அங்க இருந்தா அம்பது அம்பது சான்ஸ். என்ன சொல்ற?"

"நான் இருக்கேன்னு சொல்லிட்டேனே, சார்."

"யார்கிட்ட? எழுதிக் கையெழுத்தா போட்டுக் குடுத்த?"

பிறகு அவர் வற்புறுத்தவே இல்லை. அதுதான் பின்னாளில் ஆணியை அதிகமாகக் குடைந்தது. நாலு தடவை மிரட்டியிருந்தால் பழியை அவர் தலையில் போட்டிருக்கலாம். அவர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கி ஐம்பத்து மூன்று என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் கீழே அச்சகத்துக்குப் போய் ஃபோன் செய்தாள். "மரக்கடை. யாரு வேணும்?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. பின்னால் ரம்பம் ஓடுகிற சத்தம். அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனாள். போட்டிக்கு முதல் நாள், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

போட்டியன்று காலை ஏழு மணிக்கு எடை பார்த்தார்கள். அரங்கத்தின் பக்கவாட்டு அறையில் இரண்டு தராசு, இரண்டு வரிசை. சுருட்டை நாற்பத்தொன்பது வரிசையில் நின்றாள். ஆணிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. சுவரில் கை வைத்துக்கொண்டுதான் நகர்ந்தாள். தராசில் ஏறினாள். முள் சரியாக நாற்பத்தொன்பதில் நின்றது. இறங்கி, தன் வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தாள். பிறகு பக்கத்து வரிசையைப் பார்த்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். ஆணி தலையைக் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

பதினொரு மணிக்குச் சுருட்டையின் இரண்டாவது சுற்று. அதே நேரத்தில் பக்கத்து மெத்தையில் ஆணி ஒருத்தியைத் தோளோடு அமுக்கிப் பிடித்திருந்தாள். திடீரென்று அங்கே கூச்சல். ஆணி திரும்பவில்லை, திரும்பினால் பிடி நழுவிவிடும். நடுவர் விசில் ஊதியபின் எழுந்து பார்த்தபோது நாலு பேர் சுருட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு காலும் விறைத்து, கட்டையைத் தூக்கிப் போவதுபோல் இருந்தது.

அன்று ஆணிக்குத் தங்கம் கிடைத்தது. அதைக் காட்டிக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அம்மாவுக்குத் தெரிந்த உலகம் ஆஸ்பத்திரிதான் என்பதால், டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்தாள். இரண்டு வருடம் கல்லூரிக்காக விளையாடிவிட்டு ஆணி மெத்தையை விட்டு இறங்கினாள். சுருட்டை பிழைத்துக்கொண்டாள், பிறகு விளையாடவே இல்லை, சட்டை தைக்கிற ஃபேக்டரியில் வேலைக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். ஆணி அதற்கு மேல் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயந்தாள் என்பதுதான் சரி.

இருபது வருடம் ஓடிவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ஒரு மகள். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் பதினொரு இயந்திரங்கள் உள்ள பிரிவுக்கு அவள்தான் மூத்த டெக்னீஷியன்.

அங்கே வருகிறவர்களுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது. குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் இயந்திரம்தான் அதை வெளியே எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதற்குத் தராசுதான் ஆதாரம். வாசலையொட்டி, பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்த பெரிய தராசு. வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை. எடை கூடியிருந்தால் ஆணி கேட்கிற கேள்விகளுக்குப் பயந்து, காலை பேட்ச்சில் வருகிற ரிட்டயர்டு கண்டக்டர் பெல்ட்டு, கண்ணாடி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறுவார். "பல்செட்டையும் கழட்டிடட்டுமா, சிஸ்டர்?" என்பார். "கழட்டுங்க, ஆனா குடிச்ச தண்ணி கழலாது" என்பாள் அவள்.

ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் புது நோயாளி ஒருத்தி வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். தராசில் ஏறும்போது இடது கையால் கம்பியைப் பிடித்தாள். கட்டைவிரலை மடக்கி உள்ளே வைத்து, மற்ற நாலு விரலையும் மேலே பூட்டுகிற பிடி. ஆணி கையில் இருந்த கோப்பைத் திறந்து பெயரைப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நீ ஆணிதானே?" என்றாள் சுருட்டை, தராசின் மேல் நின்றபடியே.

"ஆமா."

"எவ்வளவு காட்டுது?"

"அம்பத்து நாலு புள்ளி ரெண்டு."

"அப்ப அம்பத்து மூணுக்கு மேலதான்" என்று சொல்லி இறங்கினாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆணியால் சிரிக்க முடியவில்லை.

சிறுநீரகம் ஏன் போனது என்று டாக்டரால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ரொம்ப நாளாகக் கவனிக்காத ரத்த அழுத்தம், ஃபேக்டரியில் முதுகுவலிக்கு விழுங்கிய மாத்திரைகள் என்று காரணங்களை அடுக்கினார். "சின்ன வயசுல தண்ணி வத்தினதாலகூட இருக்குமா, டாக்டர்?" என்று ஆணி கேட்டாள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார் அவர். அந்தப் பதிலில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

எட்டு மாதம் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் ஆணியே அவள் கையில் ஊசி ஏற்றினாள். வேறு யாரிடமும் விடவில்லை. பேசினார்கள்: ஃபேக்டரி சூப்பர்வைசர், ஆணியின் மகளுடைய கணக்குப் பரீட்சை, சுருட்டையின் அண்ணி வைக்கிற உப்பில்லாத சாப்பாடு. அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை சுருட்டை முகம் உப்பி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். தராசு நாலரைக் கிலோ அதிகம் காட்டியது.

"ரெண்டு நாள்ல நாலரைக் கிலோ தண்ணியா? என்ன பண்ணின?"

"தாகமா இருந்துச்சு, குடிச்சேன். திட்டாம எடுத்து விடு. எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடு. நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."

"மூணு கிலோதான் எடுப்பேன். மிச்சத்துக்கு நாளைக்கு வா."

"முடியாது. எல்லாத்தையும் எடு."

"ஒரேயடியா எடுத்தா பிரஷர் படுத்துடும். கை காலெல்லாம் இழுத்துக்கும்."

"என் உடம்பு எனக்குத் தெரியாதா? ஒரு நாள்ல மூணு கிலோ இறக்கினவடி நான்!"

 கண்டக்டர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். சுருட்டை எழுந்து கையை நீட்டி இயந்திரத்தின் பொத்தானைத் தொடப் போனாள். ஆணி குறுக்கே வந்து நின்றாள். சுருட்டை அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். ஆணி அசையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு சுருட்டையின் கை தானாகத் தளர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"மூணு கிலோ" என்றாள் ஆணி. "நாளைக்குக் காலைல வா. எனக்கு லீவுதான், ஆனா வருவேன்."

மறுநாள் சுருட்டை வந்தாள். அன்று ஆளில்லாத ஓர் ஓரத்து இயந்திரத்தில் அவளைப் படுக்க வைத்து, ஊசி ஏற்றி, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்த ஆணி எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டர் சொன்னது, தானே எழுதியது, மரக்கடைக்கு ஃபோன் செய்து வைத்துவிட்டது, ஷூ கயிறு. சொல்லும்போது அழவில்லை. 

"நீ பாத்த பார்வை இருக்கே, அது இன்னும் போகல எனக்கு. உன்னை வத்த வெச்சு வாங்கின மெடல்லதான் நான் படிச்சேன். இந்த வேலையும் அதுல வந்ததுதான்."

சுருட்டை கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.  முடிந்ததும் தலையை ஆணியின் பக்கம் திருப்பினாள்.

"இருபது வருஷமா இதையா தூக்கிட்டுத் திரியுற?" என்றாள். "பைத்தியம். நான் உனக்காக ஒண்ணும் இறங்கல."

"என்ன சொல்ற?"

"எங்க ஸ்கூல்ல அந்த வருஷம் ஒரு புதுப் பொண்ணு வந்தா. அம்பத்து மூணு. என்னைப் புரட்டி எடுத்துட்டா. ஸ்கூல் செலக்‌ஷன்லயே நான் அவுட். நாப்பத்தொன்பதுக்கு இறங்குறதத் தவிர வேற வழியே இல்ல. போட்டிக்கு முந்தின வாரம் அவ கையை ஒடிச்சுக்கிட்டா, அதான் அம்பத்து மூணுல நீ அவளப் பாத்திருக்க மாட்ட. உன்கிட்ட சும்மா கெத்தா 'நான் இறங்கி வரேன்'னு சொன்னேன். நீ இருந்தாலும் இல்லாட்டியும் நான் அப்படித்தான் பட்டினி கிடந்திருப்பேன்."

"நிஜமாவா?"

"பின்ன? உலகமே உன்னைச் சுத்தியா ஓடுது?"

ஆணி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே சலவைக்கூடத்து வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மனசு லேசாகவேண்டும், லேசாகத்தான் ஆனது. கூடவே, தன்னை யாரோ ஆட்டத்திலிருந்தே நீக்கிவிட்டதுபோல் ஒரு வெறுமையும் இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இறுக்கம் போய்விட்டது. வாடி போடி என்றாகிவிட்டது. மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று கண்டக்டர் ஒருநாள் கேட்கப்போக, நாலு மணி நேரமும் அந்தச் சண்டையே ஓடியது. அண்ணன் தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தான், பரிசோதனையில் பொருந்தவில்லை. காத்திருப்போர் பட்டியலில் சுருட்டையின் பெயர் இருந்தது. ஆனால் அவள் இதயம் வருடத்துக்கு வருடம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. ஆணிக்கு அது எடைச் சீட்டிலேயே தெரிந்தது. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சதை குறைந்துகொண்டே வந்தது.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதே சுருட்டை சரிந்து விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஆணி அந்த வீட்டுக்குப் போனாள். ஒடுங்கிய சந்தில், படிக்கட்டுக்கு அடியில் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த பழைய கட்டடம். அண்ணன் கதவைத் திறந்தான். அவனை அதுவரை அவள் நேரில் பார்த்ததில்லை. கூட வருவது எப்போதும் அண்ணிதான். "டயாலிசிஸ் சிஸ்டர்" என்று அண்ணி அறிமுகப்படுத்தினாள்.

"உங்களப் பத்தி நிறையச் சொல்லுவா" என்றான் அவன். "கடைசியா கொஞ்சம் சந்தோஷமா இருந்தது உங்க இடத்துலதான்."

கொஞ்ச நேரம் தங்கையின் சின்ன வயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மல்யுத்தத்தைப் பற்றி ஆணிதான் கேட்டாள். சுருட்டையின் பள்ளியில் அந்தக் கடைசி வருடம் ஐம்பத்து மூன்றில் இன்னொரு நல்ல பெண் இருந்தாளாமே என்றாள்.

"இன்னொருத்தியா?" அண்ணன் புரியாமல் பார்த்தான். "அந்த ஸ்கூல்ல அம்பத்து மூணுக்கு இவ ஒருத்திதான். வேற ஆளே கிடையாது. இவளா இறங்கினா. ஆணின்னு ஒரு பொண்ணு, அவகூட மோதணும்னு. அஞ்சு வாரம் வீட்ல யாரும் இவ முன்னாடி உக்காந்து சாப்பிட முடியல. கடைசி ரெண்டு நாள் தண்ணிகூட இல்ல. ஏதோ மாத்திரையெல்லாம் போட்டா. 'வேணாம்மா, பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு'ன்னு கேட்டேன். 'அவ இருக்கேன்னு சொல்லியிருக்காண்ணே'ன்னா."

ஆணி மடியில் இருந்த பையின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆணி நான்தான்" என்றாள்.

அண்ணன் அவளையே பார்த்தான். சமையலறை வாசலில் அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

"அவ சொல்லவே இல்லையே" என்றான் அவன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "மூணு வருஷம். ஒரு வார்த்தை சொல்லல."

ஆணி போவதற்காக எழுந்தாள்.

"உக்காருங்க" என்றான் அவன். கோபமா வேறென்னவோ, குரலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் உட்கார்ந்தாள். அவனும் எதிரில் உட்கார்ந்தான். வெளிச்சம் மங்கும்வரை அப்படியே இருந்தார்கள். அண்ணி விளக்கைப் போட்டதும் ஆணி விடைபெற்றுக்கொண்டாள். அண்ணன் தெருமுனைவரை கூடவே நடந்துவந்து பஸ் ஏற்றிவிட்டான்.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் முதல் தடவையாக முழுக் கதையையும் சொன்னாள். அடுத்த வாரம் பள்ளி விளையாட்டுக் குழுவின் அலுவலகத்துக்குப் போனாள். போட்டிக்கு மூன்று மாதம் முன்பே ஒவ்வொருத்தியின் எடையையும் குறித்துவிட வேண்டும், அதற்குக் கீழ்ப் பிரிவுக்கு யாரும் இறங்கக் கூடாது, யார் எந்தப் பிரிவு என்று எல்லாப் பள்ளிப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். "நீங்க என்ன கோச்சா?" என்று கேட்டார் செயலாளர். "இல்ல சார், ஆஸ்பத்திரில எடை பாக்குறவ" என்றாள். அந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் டாக்டரின் கடிதத்தோடு போனாள். அதற்கடுத்த வருடம் அண்ணனும் கூட வந்தான். செயலாளரின் மேஜைக்கு எதிரே நின்று, அந்த ஐந்து வாரத்தையும் அப்படியே சொன்னான். அவர் இடையில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

புது விதி வந்த முதல் போட்டிக்கு நூற்றுப் பதினாறு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். எடை பார்க்கிற அறைக்குள் அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அரங்கின் மேல் வரிசையில் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை ஒவ்வொரு போட்டியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.